சூரியன் வராத தைப்பொங்கல்

தை பிறக்கும் நாளில் வார்டோ நகரத்தில் சூரியன் உதிப்பதில்லை. எந்த ஆண்டிலும் உதித்ததில்லை. நோர்வேயின் வடகிழக்கு முனையில் பேரன்ட்ஸ் கடலுக்குள் கிடக்கும் சின்னத் தீவு நகரம் அது. நவம்பர் 23 வாக்கில் அடிவானத்துக்குக் கீழே போகும் சூரியன், ஜனவரி 20 வாக்கில்தான் மறுபடி தலைகாட்டும். பொங்கல் வருவதோ ஜனவரி 14 அல்லது 15. ஒரு கிழமைகூட இல்லாத இடைவெளியில் பொங்கலும் சூரியனும் அங்கே ஆண்டுதோறும் சந்திக்காமல் போகின்றன. மேற்கே ஹாமர்ஃபெஸ்ட்டில் சூரியன் வர இன்னும் ஓரிரு நாள் பிந்தும். வடநோர்வேயின் பெரிய நகரமான துரொம்சோவில் கணக்குப்படி ஜனவரி 16 வாக்கிலேயே வந்துவிட வேண்டும். ஆனால் சுற்றிலும் மலைகள் என்பதால் 21ஆம் தேதியைத்தான் ‘சூரிய நாள்’ என்று ஊரே கொண்டாடுகிறது. அன்றைக்கு ‘சூரிய உருண்டை’ என்று ஜாம் வைத்துப் பொரித்த இனிப்பு பன்னை அடுமனைகளில் வரிசையில் நின்று வாங்கித் தின்கிறார்கள். ஐரோப்பாவில் நம் பொங்கலுக்கு மிகக் கிட்டிய விழா எதுவென்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

இந்த ஊர்களில் தமிழர் இருந்திருக்கிறார்கள். இன்றும் சில குடும்பங்கள் இருக்கின்றன. 1980களின் நடுவிலிருந்து யாழ்ப்பாணத்தையும் அதைச் சுற்றியுள்ள தீவுகளையும் விட்டு வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர், வட துருவ வட்டத்துக்கும் வடக்கே, ஃபின்மார்க் மாவட்டத்தின் மீன் தொழிற்சாலைகளில் போய்ச் சேர்ந்தார்கள். வார்டோ, போட்ஸ்ஃபியூர், ஹாமர்ஃபெஸ்ட் போன்ற துறைமுகங்களில் கொட் மீனைத் தோலுரித்து, முள் நீக்கி, துண்டம் போடும் வேலை. ஊர் இளைஞர்கள் தெற்கே நகரங்களுக்குப் போய்விட்டதால் ஆள் இல்லாமல் தவித்த தொழிற்சாலைகள் வந்தவர்களை விடவில்லை.

குளிர் அல்ல, இருட்டு

லண்டனின் வால்தம்ஸ்டோவில் குளிரைப் பற்றிப் பேசாமல் ஒரு தமிழ் உரையாடல் முடியாது. ஹோ ஸ்ட்ரீட்டில் இறைச்சிக் கடை வரிசையில் நின்றாலும், பெட்ஃபர்ட் ரோட்டில் கற்பக விநாயகர் கோவிலுக்குப் போனாலும், அக்டோபர் முடிந்தால் பேச்சு அதுதான். நாம் நிற்கும் இடம் வட அகலாங்கு 51.6 பாகை. இங்கிருந்து நேர் வடக்கே துருவ வட்டம் 1,700 கிலோமீட்டர்கூட இல்லை; கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் உள்ள தூரத்தில் ஏறக்குறைய பாதி. டிசம்பர் 21 அன்று உச்சிப்பொழுதில்கூட வால்தம்ஸ்டோவில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரம்தான் ஏறும். யாழ்ப்பாணத்தில் அதே நாளில் 57 பாகை. நாலு மணிக்கு முன்பே இங்கே பொழுது விழுந்துவிடுகிறது. பள்ளி விட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவரும்போதே தெருவிளக்கு எரிகிறது.

இந்தப் புலம்பலை நம்மிடையே கேட்டுச் சிரிக்கிற சிலர் இருக்கிறார்கள். நோர்வேயில் இருந்துவிட்டுப் பிள்ளைகளின் படிப்புக்காகவோ உறவுகளுக்காகவோ லண்டனுக்குக் குடிபெயர்ந்தவர்கள். அவர்களில் ஒருவர், 80களின் கடைசியில் ஃபின்மார்க்கில் மீன் வெட்டியவர், இப்போது ஓய்வில் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றார். “கூடாத காலநிலை எண்டு ஒண்டில்லை, கூடாத உடுப்புத்தான் இருக்கு எண்டு நோர்வேக்காரன் சொல்லுவான் தம்பி. சரியான கதை. உடுப்பைப் போட்டா குளிர் முடிஞ்சுது. இருட்டுக்கு என்ன உடுப்பைப் போடுறது?”

அவர் சொன்னதை எண்களும் ஒப்புக்கொள்கின்றன. வார்டோவின் ஜனவரி சராசரி வெப்பநிலை மைனஸ் 4, 5 பாகை. நம்மவர் லட்சக்கணக்கில் வாழும் டொரொண்டோவின் ஜனவரி சராசரியும் ஏறக்குறைய அதேதான். டொரொண்டோ வட அகலாங்கு 44க்கும் கீழே. வார்டோ 70க்கும் மேலே. அட்லாண்டிக் கடலின் வெந்நீரோட்டம் மெக்சிகோ வளைகுடாப் பக்கத்து வெப்பத்தில் ஒரு பங்கைச் சுமந்துகொண்டு நோர்வேக் கரையை ஒட்டி மேலே போவதால் அங்கே துறைமுகங்கள் குளிர்காலம் முழுதும் உறைவதில்லை. உறைந்திருந்தால் மீன் தொழிலும் இல்லை, அதை நம்பிப் போன தமிழரும் இல்லை. கடலை விட்டு உள்நாட்டுக்குப் போனால் நிலைமை வேறு: அதே ஃபின்மார்க்கின் உள்ளே இருக்கும் காரஷோக்கில் 1886 ஜனவரி 1 அன்று பதிவான மைனஸ் 51.4 பாகைதான் இன்றுவரை நோர்வேயின் ஆகக் குறைந்த வெப்பநிலை. கரையில் ஆளை வாட்டுவது காற்று. வார்டோவில் ஒதுங்கி நிற்க ஒரு மரம்கூடக் கிடையாது. தீவையும் பெருநிலத்தையும் இணைக்க 1982இல் கடலுக்கு அடியால் சுரங்கப்பாதை போட்டார்கள். நோர்வேயின் முதல் கடலடிச் சாலைச் சுரங்கம் அது.

ஆக, துருவப் பகுதி என்றால் பனிக்கட்டி என்ற நம் பாடப்புத்தகப் படம் பாதிதான் சரி. அந்த நிலத்தின் உண்மையான அடையாளம் ஒளி. பூமி 23.4 பாகை சாய்ந்து சுற்றுவதால், துருவ வட்டத்துக்கு அப்பால் ஆண்டில் சில நாள் முதல் சில மாதம் வரை சூரியன் உதிக்காது. கோடையில் அதைவிடச் சற்றுக் கூடுதலான நாள்கள் மறையாது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. வார்டோவில் ஜனவரி 20இல் பூஜ்யமாக இருக்கும் பகல், பிப்ரவரி 20இல் எட்டு மணி நேரம். ஒரே மாதத்தில் அவ்வளவு! மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை சூரியன் மறைவதே இல்லை.

‘மொர்கெதீத்’ என்று நோர்வேக்காரர் சொல்லும் இருட்டுக்காலத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது குகை இருட்டு அல்ல. டிசம்பர் 21 நண்பகலில் வார்டோவில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே நாலு பாகைக்குள்தான் இருக்கும். அதனால் பத்து மணியிலிருந்து ஓரிரு மணி நேரம் வானம் நீலமாகவும் தெற்கே சற்றுச் சிவப்பாகவும் வெளுக்கும். வெண்பனி கிடந்தால் அந்த மங்கல் வெளிச்சத்திலேயே தெருவில் நடக்கலாம். வெண்பனி இல்லாத இருட்டுக்காலம்தான் மோசம் என்கிறார் அந்த ஓய்வுபெற்றவர். மழை பெய்து பனி கரைந்த டிசம்பரில் தொழிற்சாலைக்குப் போவதும் இருட்டு, வருவதும் இருட்டு, நடுவில் உள்ளே குழல்விளக்கு வெளிச்சம்.

ராகுவுக்கு விடுமுறை

நம் நாட்காட்டி முழுவதும் சூரியன் ஒழுங்காக உதித்து மறையும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. உதயத்திலிருந்து மறைவு வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கை ராகுகாலம் என்கிறோம். ஊரில் அது ஒன்றரை மணி நேரம். லண்டனுக்கென்று தனியே கணித்த பஞ்சாங்கத்தின்படி தைப்பொங்கலன்று வால்தம்ஸ்டோவில் அது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வார்டோவில் பகலே இல்லை. பூஜ்யத்தை எட்டால் வகுத்தால் என்ன வரும்? ராகுவுக்கும் எமகண்டனுக்கும் ஃபின்மார்க்கில் இரண்டு மாத விடுமுறை. ஜூனில் உதயமும் மறைவும் இல்லாததால் எதைப் பிரிப்பது என்றே தெரியாது. வார்டோ இஸ்தான்புல்லுக்கும் கிழக்கே இருந்தும் ஒஸ்லோவின் கடிகாரத்தையே பின்பற்றுவதால் இன்னொரு குழப்பம்: நவம்பர் நடுவில் அங்கே பகல் ஒரு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். மாலையில் நடக்க வேண்டிய சூரன்போரை வானத்தைப் பார்த்து நடத்துவதென்றால் மதியச் சாப்பாட்டுக்கு முன் நடத்த வேண்டும்.

எனவே அங்கே போனவர்கள் வானத்தை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பொங்கல் வீட்டு அடுப்பில் பொங்கியது; ஒன்றுகூடல் ஏதாவது ஒரு சனிக்கிழமை பள்ளி மண்டபத்தில் நடந்தது. இதில் லண்டன்காரருக்குப் புதுமை ஒன்றும் இல்லை, நாமும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் இங்கே காலை எட்டு மணிக்கு முகில் விலகினால் சூரியன் தெரியும் என்ற சாத்தியமாவது உண்டு. அங்கே இல்லாத சூரியனை நோக்கிக் கும்பிடக் கிழக்கு எது என்று திசைகாட்டியைத்தான் கேட்க வேண்டும். ஊரின் விழாக்களில் அந்த நிலத்துக்கு அப்படியே பொருந்திப்போனது ஒன்றுதான்: கார்த்திகை விளக்கீடு. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய வாரங்களில் நோர்வேயின் வடக்கில் ஏறக்குறைய எல்லா வீடுகளின் ஜன்னலிலும் நட்சத்திர விளக்கோ மெழுகுதிரி வடிவ விளக்கோ எரியும். தமிழ் வீட்டு வாசலில் சிட்டி விளக்கு எரிந்தால் அந்தத் தெருவில் யாரும் வித்தியாசமாகப் பார்க்கப்போவதில்லை.

தமிழருக்கு ஆறு பெரும்பொழுது: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். அந்த நிலத்தின் பழங்குடியினரான சாமி மக்களுக்கு எட்டு. குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும் நடுவில் ‘வசந்தக் குளிர்காலம்’ என்று ஒன்று. வசந்தத்துக்கும் கோடைக்கும் நடுவில் ஒன்று. கோடைக்கும் இலையுதிர் காலத்துக்கும் நடுவில் ஒன்று. இலையுதிர் காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் நடுவில் இன்னொன்று. கலைமான் மந்தை எப்போது கரைக்கு நகரும், எப்போது குட்டி போடும், எப்போது உள்நாட்டுக்குத் திரும்பும் என்பதை வைத்துப் பிரித்த கணக்கு. மீன்காரர்களுக்கு வேறு கணக்கு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை லொஃபோட்டன் தீவுகள் பக்கம் முட்டையிட வரும் பெரிய கொட். வசந்தத்தில் கப்பலான் என்ற சிறு மீனைத் துரத்திக்கொண்டு ஃபின்மார்க் கரைக்கு வரும் கொட். மீன் குவியும் மாதங்களில் தொழிற்சாலையில் மேலதிக நேர வேலை, கையில் காசு. மீன் இல்லாத மாதத்தில் வேலையும் இல்லை. நம்மவர்கள் கற்றுக்கொண்ட பருவகாலம் உண்மையில் இதுதான்.

1989, 90இல் பேரன்ட்ஸ் கடலில் கொட் மீன் வளம் சரிந்து பிடிப்புக்குக் கடும் கட்டுப்பாடு வந்தபோது அந்த ஊர்கள் ஆடிப்போயின. அதன் பின்னும் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடுவதும் கைமாறுவதுமாக இருந்தன. தமிழர் தெற்கே இறங்கினார்கள், பெரும்பாலும் ஒஸ்லோவுக்கு. யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று வயதில் நோர்வே சென்று, முதலில் ஹாமர்ஃபெஸ்ட்டில் வளர்ந்து, பிறகு ஒஸ்லோவுக்கு வந்த கம்சாயினி குணரத்தினம் 2015இல் ஒஸ்லோவின் துணை மேயர் ஆனார். 2021இல் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். ஃபின்மார்க் வழியாகப் போன ஒரு தலைமுறையின் பாதை அதில் தெரிகிறது.

உடம்பு சொன்னது

நோர்வே மானிடவியலாளர் அன் சிக்ஃபிரிட் குரொன்செத், ஃபின்மார்க் கரையில் ஒரு மீன்பிடி ஊரில் தமிழ்க் குடும்பங்களிடையே தங்கி ஆய்வு செய்தவர். 2010இல் அதை நூலாக வெளியிட்டார். அவர் கண்டதன் சாரம் இது: தமிழர்கள் அடிக்கடி சுகாதார நிலையத்துக்கு வந்தார்கள், உடம்பு முழுக்க நோவு, களைப்பு என்றார்கள், பரிசோதனையில் பெரும்பாலும் ஒன்றும் அகப்படவில்லை. குளிரும் ஈரமும் ஓயாத கைவேலையும் மட்டும் காரணம் என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. உறவும் கோவிலும் அயலும் சேர்ந்து ‘நான் யார்’ என்று சொல்லித்தந்த ஒரு உலகம் இல்லாமல்போனதை உடம்பு நோவாகச் சொன்னது என்பது அவர் வாதம். சரியான வாதம்தான். ஆனாலும் ஒளியின் பங்கையும் குறைத்து மதிப்பிட முடியாது.

தோலில் வெயில் பட்டால்தான் உடம்பு வைட்டமின் டி தயாரிக்கும். கறுத்த தோலுக்கு இன்னும் கூடுதல் வெயில் வேண்டும். இலங்கையில் வாழும் இலங்கையரையும் நோர்வேயில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வொன்று, நோர்வேயில் இருப்பவர்களின் இரத்தத்தில் அந்த வைட்டமின் மிகவும் குறைவு என்று காட்டியது. நோர்வேக்காரர் இதைத் தலைமுறைகளாகச் சமாளிக்கும் வழி, காலையில் ஒரு கரண்டி கொட் ஈரல் எண்ணெய். ஆங்கிலப் பெயரில் ‘ஆர்’ எழுத்து வரும் மாதமெல்லாம், அதாவது செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, குடிக்க வேண்டும் என்பது அங்கே பாட்டி வைத்தியம். மீனை வெட்டிய நம்மவர்களில் எத்தனை பேர் அதன் எண்ணெயைக் குடித்தார்களோ! இது அங்குள்ளவர்களுக்கு மட்டுமான கதையும் அல்ல. வால்தம்ஸ்டோவில் அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை வெயில் இருந்தாலும் அதன் சாய்வில் தோல் வைட்டமின் டி தயாரிக்காது. தெற்காசிய, ஆபிரிக்கத் தோற்றம் கொண்டவர்கள் ஆண்டு முழுதும் தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வதை யோசிக்கும்படி இந்நாட்டுத் தேசிய சுகாதார சேவை சொல்கிறது. நம் வீடுகளில் அந்தக் குளிசைப் போத்தல் வாங்கப்படும்; மூடி திறக்கப்படாது.

கோடைக்கும் வேறு தொல்லை. நள்ளிரவில் வெயில் அடிக்கும்போது பிள்ளை எப்படி நித்திரை கொள்ளும்? கறுப்புத் துணித் திரை போட்டு இரவைச் செயற்கையாகச் செய்ய வேண்டும். இருந்தாலும் இருட்டுக்காலத்தைப் பற்றிச் சொல்பவர்களின் குரலும், ஜூன் இரவு பதினொரு மணிக்குப் பிள்ளைகள் வெளியே பந்தடித்ததைப் பற்றிச் சொல்லும் குரலும் ஒன்றல்ல.

நம் வால்தம்ஸ்டோவுக்கும் ஒரு வடதிசைப் பயணி உண்டு. 1834இல் இங்கே பிறந்த கவிஞர் வில்லியம் மொரிஸ் 1871இலும் 1873இலும் ஐஸ்லாந்துக்குப் போனார். லொய்ட் பூங்காவில் அவர் குடும்பம் வாழ்ந்த வீடு இப்போது அவர் பெயரில் கலைக்கூடம். இரண்டு முறையும் அவர் போனது கோடையில். கவிஞனுக்கு மாதத்தைத் தெரிவு செய்ய முடிந்தது. மீன் வெட்டப் போனவனுக்கு அந்தச் சலுகை இல்லை.

பள்ளிக்கரணையிலிருந்து துருவக் கடலுக்கு

வார்டோவுக்கும் வடக்கே, வட அகலாங்கு 79ஐ ஒட்டி, சுவல்பார்ட் தீவுக்கூட்டத்தின் நீ-ஓலசுண்ட் குடியிருப்பில் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 ஜூலையில் திறக்கப்பட்டது. அங்கே தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், கோவாவில் உள்ள துருவ ஆய்வு மையத்தோடு சேர்ந்து, 2014 ஜூலையில் அந்தக் குடியிருப்பின் முன்னால் உள்ள கொங்ஸ் கடல்வாயில் 192 மீட்டர் ஆழத்தில் ‘இண்ட்ஆர்க்’ என்ற அளவீட்டுக் கருவித் தொகுதியை நங்கூரமிட்டது. நீரின் வெப்பம், உப்பு, ஓட்டம் ஆகியவற்றை அது ஆண்டு முழுதும் அளக்கும். வட துருவக் கடல் சூடாவதற்கும் நம் பருவமழைக்கும் என்ன தொடர்பு என்பதுதான் கேள்வி. நெடுங்காலம் இந்தியர்கள் அங்கே கோடையில் மட்டுமே போய்வந்தார்கள். 2023 டிசம்பரில்தான் முதல் குளிர்கால அணி புறப்பட்டது. அங்கே அந்த மாதத்தில் நண்பகல் மங்கலும் கிடையாது. அருகிலுள்ள லொங்யேர்பியனில் அக்டோபர் கடைசியில் போன சூரியன் பிப்ரவரி நடுவில்தான் அடிவானத்தைத் தாண்டும். மலையைத் தாண்டி ஊருக்குள் விழ மார்ச் 8 ஆகும். பழைய மருத்துவமனையின் படிக்கட்டில் அந்த முதல் கதிர் விழுவதைப் பார்க்கப் பிள்ளைகள் கூடுகிறார்கள்.

எதிர்த் துருவத்தில் 1989 முதல் இயங்கும் இந்தியாவின் மைத்ரி நிலையம் தென் அகலாங்கு 70 பாகை 46 கலையில் இருக்கிறது. வார்டோவுக்கும் அதற்கும் அகலாங்கில் அரைப் பாகை வித்தியாசமும் இல்லை. ஆனால் வார்டோவின் ஆண்டுச் சராசரி சுமார் 2 பாகை. மைத்ரிப் பகுதியின் சராசரி சுமார் மைனஸ் 10. ஒன்றுக்குப் பக்கத்தில் வெந்நீரோட்டம், மற்றதற்குப் பின்னால் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிக்கட்டிக் கண்டம். ஒளியில் மட்டும் இரண்டும் ஒரே குடும்பம், தலைகீழாக. தைப்பொங்கலன்று மைத்ரியில் சூரியன் மறையாது. வேண்டுமானால் இருபத்துநாலு மணி நேரமும் பொங்கலாம்.

இந்த ஒழுங்கெல்லாம் இப்போது குலைந்துகொண்டிருக்கிறது. சூரியன் வரும் போகும் நாள் மாறாது. அதோடு வர வேண்டிய குளிர்தான் மாறிவிட்டது. 1979க்குப் பின் வட துருவப் பகுதி, உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது என்று 2022இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வெண்பனியும் கடற்பனியும் வெயிலைத் திருப்பி அனுப்பும், அவை கரைந்தால் கரிய கடல் அந்த வெயிலை விழுங்கும், மேலும் கரையும். சுவல்பார்ட்டில் 2020 ஜூலை 25 அன்று 21.7 பாகை பதிவானது. 2015 டிசம்பரில் லொங்யேர்பியன் வீடுகள்மீது பனிச்சரிவு விழுந்து இருவர் இறந்தார்கள். நடுக்குளிர்காலத்தில் மழை பெய்து, உடனே உறைந்து, நிலத்தின்மீது கண்ணாடிபோல் இறுகிவிடுவதால் கலைமான்களுக்குக் கீழே உள்ள பாசி எட்டுவதில்லை. சாமி மேய்ப்பர்கள் வைக்கோலும் தீவனமும் வாங்கிப் போடுகிறார்கள். எட்டுப் பருவத்தில் எது எப்போது தொடங்கும் என்று அவர்களாலேயே இப்போது நிச்சயமாகச் சொல்ல முடிவதில்லை.

துருவம் நம் ஊருக்கும் வந்து போகும். 2018 பிப்ரவரி நடுவில் துருவத்துக்கு மேலே வளிமண்டல உயரத்தில் திடீர்ச் சூடு ஏறி, அங்கே சுழன்றுகொண்டிருந்த குளிர்காற்று வளையம் உடைந்தது. அந்த மாதக் கடைசியில் சைபீரியக் காற்று லண்டன் வரை வீசியது. ‘கிழக்கிலிருந்து வந்த மிருகம்’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. பள்ளிகள் மூடின, ரயில்கள் நின்றன. வார்டோக்காரருக்கு அது சாதாரண நாள்.

இதைப் படித்துவிட்டு வடநோர்வேக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பயண நிறுவனங்கள் டிசம்பரைத்தான் விற்கும். பிள்ளைகளின் விடுமுறையும் அப்போதுதான். டிசம்பரில் போகாதீர்கள். பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ போங்கள். பகல் பத்து மணி நேரத்தைத் தொட்டிருக்கும், வெண்பனி ஆழமாகக் கிடக்கும், வடதுருவ ஒளி பார்க்க இரவும் போதிய நீளம் இருக்கும். காற்றுப் புகாத மேலங்கி, உள்ளே கம்பளி, வழுக்காமல் நடக்கக் காலணியில் மாட்டும் முள் பட்டி போதும். முடிந்தால் துரொம்சோவோடு நிற்காமல் ஹாமர்ஃபெஸ்ட், வார்டோ வரை கரையோரக் கப்பலில் போய் இறங்கி, மீன் தொழிற்சாலைப் பக்கமும் ஒரு நடை நடந்து பாருங்கள்.